பிறவிக் குறையா, பட்ட காயமா?

(சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தோட்டப் பிரிவொன்றின் சமூக நிலையத்தில் எங்கள் நலன்புரிப் பிரிவினர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



வழமையாக இந்த மண்டபத்தில் போஷாக்கைப் பற்றிப் பேசுவோம், சேமிப்பைப் பற்றிப் பேசுவோம், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுவோம். இன்றைக்குப் பேச வந்திருப்பது சில்லறைக் காசைப் பற்றி. "காசு பத்தி எங்களுக்கா சொல்லித் தரணும்?" என்று பின்வரிசையில் ஒரு ஐயா சிரிக்கிறார். சிரிப்பு நியாயம்தான். ஆனால் ஏன் இதைப் பேச வந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறோம்.

போன மாதம் ஒரு அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தாங்க. கொழுந்து பறிக்கிற அக்கா. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு 5 ரூபா குத்தியை மேசையில் வைத்தாங்க. அதன் ஓரத்தில் பிறை நிலா மாதிரி ஒரு துண்டு இல்லை. அவங்க மகன் போனில் ஒரு காணொளி பார்த்திருக்கிறான். "இப்படிப்பட்ட பிழை நாணயத்துக்கு இலட்சக்கணக்கில் விலை" என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். கீழே கிடந்த இலக்கத்துக்குப் பேசியபோது, "இது நாணயசாலைப் பிழை, ஆறு இலட்சம் தருகிறோம்" என்றார்களாம். முதலில் பதிவுக் கட்டணம் 3,500 ரூபா கேட்டார்கள். பிறகு வரி என்று 9,000. அதற்குப் பிறகு காசைக் கொண்டுவந்து தருகிற செலவு, காப்புறுதி என்று 6,500. மொத்தம் 19,000 ரூபா. அக்கா காதுத் தோட்டை அடகு வைத்து அனுப்பியிருக்காங்க. அதற்குப் பிறகு அந்தப் போன் வேலை செய்யவில்லை.

அக்கா எங்களிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இது உண்மையான பிழைக் காசா, இல்லையா? அதையாவது சொல்லுங்க."

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கூட்டம். பெயரைச் சொல்லாமல் விஷயத்தைச் சொல்லுங்கள் என்று அனுமதி தந்ததும் அந்த அக்காதான்.

முதலில் காசு எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். அது தெரிந்தால் பாதி விஷயம் தெரிந்த மாதிரி. இலங்கையில் நாணயசாலை கிடையாது. மத்திய வங்கி வெளிநாட்டு நாணயசாலைகளிடம் கொடுத்துத்தான் நமது குத்திகளை அடிப்பிக்கிறது. இங்கிலாந்தின் ரோயல் மின்ட் என்ற நாணயசாலை நீண்ட காலம் நமக்குக் காசு அடித்துக் கொடுத்தது. எந்த நாட்டில் அடித்தாலும் முறை ஒன்றுதான்.

நீளமான உலோகத் தகட்டை எடுத்து, வட்ட வட்டமாக வெட்டுவார்கள். நீங்கள் ரொட்டி மாவைப் பரப்பி டம்ளரைக் கவிழ்த்து வெட்டுகிறீர்களே, அதே வேலை. இப்படி வெட்டிய வில்லையில் எழுத்தும் இருக்காது, படமும் இருக்காது. அடுத்ததாக அதன் ஓரத்தை நெருக்கி உருட்டிச் சற்றே மேலே தூக்கிவிடுவார்கள். காசின் விளிம்பு இப்படித்தான் உருவாகிறது. பிறகு சூடாக்கி மிருதுவாக்குவார்கள். கடைசியாக அந்த வில்லை ஒரு வளையத்துக்குள் உட்காரும். மேலே ஒரு உருக்கு அச்சு, கீழே ஒரு உருக்கு அச்சு. ஒரே அடி. இரண்டு பக்கப் படமும் ஒரே நேரத்தில் விழும். வளையம் இருப்பதால் உலோகம் வெளியே பிதுங்காமல் காசு வட்டமாக வரும்.

இந்த வேலை நடக்கும்போது ஏற்படுகிற குறைதான் பிழை. நாணயசாலை வாசலைத் தாண்டிய பிறகு ஏற்படுகிற எதுவும் பிழை அல்ல, சேதம். பிள்ளை பிறக்கும்போதே ஆறு விரலோடு பிறந்தால் அது பிறவி. மலையில் விழுந்து விரல் அடிபட்டால் அது காயம். இரண்டையும் ஒன்று என்று யாராவது சொல்வோமா? காசிலும் அப்படித்தான். ஆகவே ஒரு வித்தியாசமான குத்தி கையில் கிடைத்தால் உங்களையே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: "தகடு வெட்டுகிறபோது, விளிம்பு தூக்குகிறபோது, அச்சு அடிக்கிறபோது, இந்த மாதிரி ஒன்று நடந்திருக்க முடியுமா?" முடியாது என்றால் அது வெறும் சேதம்தான்.

இப்போது அக்காவின் குத்திக்கு வருவோம். துண்டு குறைந்த காசு என்பது உண்மையிலேயே நாணயசாலையில் நடக்கக்கூடிய பிழைதான். ரொட்டி மாவில் ஏற்கனவே வெட்டிய ஓட்டையின் மேல் டம்ளரைக் கொஞ்சம் வைத்து வெட்டினால் என்ன நடக்கும்? ரொட்டியில் ஒரு பிறை குறையும். தகடு சரியாக நகராமல் போனால் வில்லையிலும் அப்படியே குறையும். அந்தக் குறைந்த வில்லைதான் பிறகு அச்சுக்குப் போகிறது. அதாவது, குறை முதலில், படம் பிறகு. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

குறை முதலில் வந்ததால் மூன்று அடையாளம் இருக்கும். ஒன்று, வெட்டுக்குப் பக்கத்திலுள்ள எழுத்துகள் அந்தப் பக்கமாக இழுபட்டு மங்கியிருக்கும், கத்தியால் நறுக்கிய மாதிரி நிற்காது. அடிக்கிறபோது உலோகம் வெற்றிடத்தை நோக்கி ஓடுவதுதான் காரணம். இரண்டு, வெட்டுக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பு பெரும்பாலும் பலவீனமாக, தேய்ந்த மாதிரி இருக்கும். விளிம்பைத் தூக்குகிற யந்திரம் இரண்டு பக்கமும் நெருக்கித்தான் வேலை செய்கிறது. ஒரு பக்கத்தில் உலோகம் இல்லையென்றால் எதிர்ப்பக்கத்தில் அழுத்தமும் இல்லை. மூன்று, வெட்டின் உட்பக்கத்தில் அரம் ராவிய கோடுகள் இருக்காது.

அக்காவின் குத்தியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தோம். எழுத்து ஒன்று சரிபாதியில் நறுக்கென்று வெட்டுப்பட்டிருந்தது. எதிர்ப்பக்க விளிம்பு பூரணமாக இருந்தது. வெட்டின் உள்ளே அரம் போட்ட கோடுகள் வரிவரியாகத் தெரிந்தன. பித்தளைப் பூச்சுக்கு அடியிலுள்ள வெள்ளை உருக்கு அந்த இடத்தில் மட்டும் வெளியே தெரிந்தது. யாரோ எப்போதோ ஏதோ தேவைக்கு அரத்தால் ராவிய காசு அது. படம் முதலில், குறை பிறகு. அக்காவிடம் உள்ளதைச் சொன்னோம். அவங்க ஒன்றும் பேசவில்லை, குத்தியைத் திரும்ப முடிந்துகொண்டாங்க.

அதே கிழமையில் இன்னொன்று நடந்தது. ஒரு பாட்டி வெற்றிலைப் பையைக் கொட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது பழைய 50 சதக் குத்தியொன்று உருண்டு வந்தது. அதிலும் ஓரத்தில் பிறை மாதிரிக் குறை. "கடைக்காரன் அப்பவே வாங்கல, தூக்கிப் போடுங்க ஆயா" என்றானாம் பேரன். நாங்கள் பார்த்தபோது எழுத்துகள் இழுபட்டு மங்கியிருந்தன, எதிர்ப்பக்க விளிம்பு பாதி காணவில்லை. நாங்கள் பார்த்த மட்டில் அதுதான் உண்மையான பிழை. இலட்சம் என்று சொன்னது ராவிய காசு, தூக்கிப் போடச் சொன்னது அசல். இதனால்தான் வாய்ப்பேச்சை நம்பாமல் கண்ணால் பார்த்துப் பழக வேண்டும் என்று சொல்கிறோம்.

இனி, மற்ற அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலாவது, மேடா பள்ளமா என்று பாருங்கள். காசின் மேல் ஒரு கோடு ஓடுகிறது. விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். கோடு பள்ளமாக இருந்தால் அது கீறல். ஆணி, கத்தி, சாவி, எதுவோ கீறியது. கோடு மேடாக எழும்பி நின்றால் அது அச்சில் விழுந்த வெடிப்பாக இருக்கலாம். செங்கல் அறுக்கிற அச்சுப் பெட்டியில் வெடிப்பு இருந்தால் கல்லில் என்ன வரும்? வரம்பு மாதிரி மேடுதான் வரும். அதே கதைதான். அச்சின் ஓரம் உடைந்து விழுந்திருந்தால் காசின் ஓரத்தில் படமில்லாத ஒரு மேடான திட்டு வரும். கீறி மேடு உண்டாக்க யாராலும் முடியாது. ஆகவே பள்ளமென்றால் சந்தேகப்படுங்கள், மேடென்றால் கவனமாகப் பாருங்கள்.

இரண்டாவது, நடுவில் விழாத படம். வில்லை வளையத்துக்குள் சரியாக உட்காராவிட்டால் படம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். மறுபக்கம் பிறை வடிவில் வெறுமையாக இருக்கும். வளையம் பிடிக்காததால் காசு சரியான வட்டமாக இராது, அகன்று போயிருக்கும். படம் நடுவில் இருந்து, ஒரு பக்க எழுத்து மட்டும் காணவில்லை என்றால் அது தேய்த்ததோ நசுங்கியதோதான்.

மூன்றாவது, தலைகீழ் எழுத்து. சில நேரம் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்து வருகிற வில்லையில் அந்தக் காசின் முகம் கண்ணாடியில் பார்த்த மாதிரித் திரும்பி, பள்ளமாகப் பதியும். இது உண்மையான பிழை. ஆனால் இதைக் கள்ளத்தனமாகச் செய்வதும் சுலபம். இரண்டு காசைச் சேர்த்து கராஜ் வைஸில் இறுக்கினால் போதும். வித்தியாசம் எப்படித் தெரியும்? உண்மையானதில் அந்தப் பக்கத்துக்குரிய படமே இருக்காது, திரும்பிய படம் மட்டும் இருக்கும். வைஸில் இறுக்கியதில் பழைய படமும் தெரியும், அதன் மேலேயே திரும்பிய எழுத்தும் தெரியும். மறுபக்கம் தட்டையாக நசுங்கியிருக்கும்.

நான்காவது, இரட்டை எழுத்து. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உண்மையான இரட்டை, அச்சு செய்கிறபோதே அச்சில் படம் இரண்டு தரம் விழுந்ததால் வருவது. இரண்டு எழுத்தும் உருண்டு திரண்டு முழுசாக இருக்கும், மூலைகளில் பிளவு தெரியும். ஆனால் அடிக்கிற நேரத்தில் அச்சு லேசாக அசைந்தாலும் ஓர் இரட்டைத் தோற்றம் வரும். அது தட்டையாக, எழுத்தின் ஓரத்தைச் சீவிப் படிக்கட்டு வைத்த மாதிரி இருக்கும். அது மிகவும் சாதாரணம், சேர்ப்பவர்கள் அதற்கு மதிப்புக் கொடுப்பதில்லை.

உண்மையான இரட்டைக்கு உலகம் அறிந்த உதாரணம், அமெரிக்காவின் 1955 ஆம் ஆண்டு ஒரு சதம். ஆண்டும் எழுத்துகளும் வெறுங்கண்ணுக்கே இரண்டாகத் தெரியும். பிலடெல்பியா நாணயசாலையில் அடித்தவை. மற்றக் காசுகளோடு கலந்துவிட்டதால் பிரித்தெடுக்க மினக்கெடாமல், 20,000க்கும் மேற்பட்டவற்றை அப்படியே வெளியே விட்டார்கள்.

ஐந்தாவது, நிறமும் உலோகமும். நிறம் மாறியது என்றால் உடனே "வேற உலோகம்" என்று நினைக்காதீர்கள். நம்முடைய லயத்து அடுப்பங்கரையில் புகை இருக்கிறது, சுவரில் ஈரம் இருக்கிறது, மலையில் பனி இருக்கிறது. காசு கறுக்கும், பச்சை பிடிக்கும், துருப்பிடிக்கும். எல்லாம் சேதம்தான். நமது 5 ரூபா குத்தி 1984 இல் புழக்கத்துக்கு வந்தபோது செப்புக் கலவையில் இருந்தது, காந்தம் ஒட்டாது. 2005 இல் வந்த வரிசையில் உருக்கின் மேல் பித்தளை பூசினார்கள், காந்தம் ஒட்டும். 2017 வரிசை துருப்பிடிக்காத உருக்கில் வந்தது. ஆகவே இரண்டு 5 ரூபாவில் ஒன்று காந்தத்தில் ஒட்டி மற்றது ஒட்டாவிட்டால், முதலில் ஆண்டைப் பாருங்கள். அது பிழையல்ல, மாற்றம்.

அதே மாதிரி வடிவத்தைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். பழைய 5 சதம் சதுரம். 2 சதமும் 10 சதமும் அலை அலையான ஓரம். 2009 இல் வந்த 10 ரூபா குத்திக்குப் பதினொரு பக்கம். அவை அப்படியே திட்டமிட்டு அடிக்கப்பட்டவை.

காந்தத்தின் உபயோகத்துக்கும் ஓர் உதாரணம் சொல்லலாம். இரண்டாம் உலக யுத்தத்துக்குச் செப்பு தேவைப்பட்டதால் 1943 இல் அமெரிக்காவில் ஒரு சதத்தைத் துத்தநாகம் பூசிய உருக்கில் அடித்தார்கள். தவறிப்போய்ச் செப்புக் கலவை வில்லைகள் சில அதில் கலந்துவிட்டன. அந்த ஒருசில காசுகளுக்குப் பெரிய விலை. உடனே என்ன செய்தார்கள்? உருக்குக் காசுக்குச் செப்பு முலாம் பூசி விற்கத் தொடங்கினார்கள். காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும், குட்டு வெளிப்படும். இன்னும் சிலர் 1948 ஆம் ஆண்டுக் காசில் 8 ஐச் சுரண்டி 3 ஆக்கினார்கள். பெரிய விலை இருக்கிற இடத்தில் கள்ளம் பின்னாலேயே வரும், அது எந்த நாட்டிலும் பொது.

ஆறாவது, எடை. சந்தேகமான குத்தியையும் அதே பெறுமதி, அதே வரிசையைச் சேர்ந்த நல்ல குத்தியையும் நகைக்கடைத் தராசில் போட்டுப் பாருங்கள். அமிலத்தில் ஊறிய காசு மெல்லியதாக, எடை குறைந்து, எழுத்தெல்லாம் ஒரே சீராகக் கரைந்திருக்கும். ரயில் தண்டவாளத்தில் பிள்ளைகள் வைத்த காசு அகன்று மெலிந்திருக்கும், எடை குறையாது. துளை போட்டுப் பிள்ளைக்கு அரைஞாண் கயிற்றில் கட்டின காசும் நம் வீடுகளில் உண்டு. துளையின் ஓரத்தில் பிசிறு நிற்பதைப் பார்த்தாலே தெரியும். அது நமக்கு அருமையான காசுதான், ஆனால் பிழைக் காசு அல்ல.

இன்னொரு வகைப் பிழையையும் சொல்லிவிடுகிறோம். 2008 இல் இங்கிலாந்தில் 20 பென்ஸ் காசின் வடிவத்தை மாற்றினார்கள். அதுவரை பூப் பக்கத்தில் இருந்த ஆண்டு எண்ணை அரசியின் தலை இருக்கிற பக்கத்துக்கு மாற்றினார்கள். ரோயல் மின்டில் பழைய தலை அச்சையும் புதிய மறுபக்க அச்சையும் தவறுதலாகச் சேர்த்துவிட்டார்கள். பலன்? இரண்டு பக்கத்திலும் ஆண்டே இல்லாத காசு. இரண்டரை இலட்சம் வரை வெளியே போயிருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். நாணயசாலையே பிழையை ஒத்துக்கொண்டது. அதனால் அந்தக் காசுக்கு ஒரு வரலாறு இருக்கிறது, வாங்குவதற்கு ஆள் இருக்கிறது. ஆனால் ஒரு காசில் ஆண்டு தெரியவில்லை என்பதற்காக அது பிழையாகிவிடாது. தேய்த்து எடுத்திருந்தால் அந்த இடம் மட்டும் வழுவழுப்பாக, பள்ளமாக இருந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவும் கேட்ட பிறகு, "அப்ப பாட்டியோட 50 சதத்துக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று தம்பிமார் கேட்பீர்கள். உள்ளதைச் சொல்கிறோம். பிழைக் காசுக்கு அரசாங்க விலை என்று ஒன்று கிடையாது. சேர்ப்பவர் விரும்பிக் கொடுப்பதுதான் விலை. பெரும்பாலான பிழைக் காசுகளுக்கு முகப்பெறுமதியைவிடக் கொஞ்சம் கூடக் கிடைக்கும். மிகச் சிலவற்றுக்குத்தான் பெரிய தொகை. தோட்டத்து லயத்திலிருந்து ஒரு குத்தியால் பணக்காரராவோம் என்ற எண்ணத்தை உங்கள் மனசில் விதைக்க நாங்கள் வரவில்லை. அந்த எண்ணத்தை வைத்துத்தானே அக்காவின் தோடு போனது?

ஆகவே, கடைசியாக நாம் எல்லோரும் கைக்கொள்ள வேண்டிய சில விஷயங்கள்.

வித்தியாசமான காசு கிடைத்தால் புளி போட்டோ, எலுமிச்சம் போட்டோ, சாம்பல் போட்டோ தேய்க்காதீர்கள். உண்மையான பிழைக் காசும் தேய்த்தால் மதிப்புக் குறையும். ஒரு தாளில் சுற்றி ஈரம் படாமல் வையுங்கள்.

வாங்குபவன் விற்பவனிடம் பணம் கேட்கமாட்டான். மரக்கறி வாங்க வருகிறவர் உங்களிடம் பதிவுக் கட்டணம் கேட்கிறாரா? பதிவு, வரி, அனுப்புகிற செலவு என்று எந்தப் பெயரில் முன்பணம் கேட்டாலும் அது மோசடி. போனுக்கு வருகிற இரகசிய இலக்கத்தைக் கேட்டாலும் அப்படித்தான். இது நமக்கு மட்டும் நடப்பதல்ல. பழைய காசும் தாளும் வாங்குவதாகச் சொல்லி, தனது பெயரைப் பாவித்துக் கட்டணமும் வரியும் கேட்கிறார்கள் என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2021 இல் மக்களை எச்சரித்தது. நமது பிள்ளைகள் பார்க்கிற தமிழ்க் காணொளிகளில் அங்கிருந்து வருபவையும் நிறைய உண்டு.

காசை வெட்டி, ராவி, இறுக்கிப் பிழைக் காசு என்று விற்கவும் நினைக்காதீர்கள். மோசடி எண்ணத்தோடு நாணயத்தின் எடையைக் குறைப்பது நமது தண்டனைச் சட்டக் கோவையின்படி குற்றம்.

கொழும்புக்குப் போகிற வாய்ப்புக் கிடைத்தால், கோட்டை சதாம் வீதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். நல்ல காசை நிறையப் பார்த்த கண்ணுக்குத்தான் பிழைக் காசு தெரியும். கொழுந்தை ஆயிரம் தரம் பார்த்த கைக்கு முற்றின இலை தானாகத் தெரிகிற மாதிரி.

அக்காவின் விஷயம் என்ன ஆனது என்று கேட்டீர்கள். பணம் அனுப்பிய துண்டுகளையும் பேசிய இலக்கத்தையும் எடுத்துக்கொண்டு நாங்களும் கூடப் போய்ப் பொலிஸில் முறைப்பாடு போட்டிருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை. தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது. அந்தக் குத்தியை அவங்க எங்களிடமே தந்துவிட்டாங்க. "கூட்டத்துக்குக் கூட்டம் கொண்டு போய்க் காட்டுங்க, இன்னொருத்தி தோட்டைக் கழட்டாம இருக்கட்டும்" என்றாங்க. இதோ, அந்தக் குத்தி இதுதான். பாட்டி தந்த 50 சதமும் பக்கத்தில் இருக்கிறது. பூதக்கண்ணாடியும் வைத்திருக்கிறோம். ஒவ்வொருவராக வந்து இரண்டையும் பார்த்துவிட்டு, எது பிறவி, எது காயம் என்று நீங்களே சொல்லிவிட்டுப் போங்கள்.

பார்த்த பிறகு பாட்டியின் குத்தியைப் பாட்டியிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். பேரன் வாசலிலேயே காவல் நிற்கிறான்.